படிக்கத் தெரியாத பொத்தான்

என் மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே பலரும் போனில் வைத்திருக்கும் ஒரு ரஷ்ய மொழிச் செயலியில் அவள் படங்கள் போடுவாள். அவற்றைப் பார்க்க, மொரப்பூரில் இருந்தபடியே நானும் அதில் சேர்ந்தேன். எழுத்து ஒன்றும் புரியாது, குத்துமதிப்பாக அழுத்துவேன்.

அவளுடைய விடுதி அனுமதிக் கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. போன மாதம் அதைக் கேட்டாள். அந்தச் செயலியிலேயே அனுப்பினேன். மறுநாள் மதியம் போனில் அழுதாள்.

“அம்மா, அதை எங்கம்மா போட்டே? யாரோ ரெண்டு பேரு எம்பேரைச் சொல்லிக் கதவைத் தட்டுறாங்க.”

“உனக்குத்தான கண்ணு அனுப்புனேன்?”

“இல்லம்மா, எல்லாரும் பாக்கற மாதிரி போட்டிருக்கே. போட்டோ, ரூம் நம்பர் எல்லாம் இருக்குது. மேல மூணு புள்ளி இருக்குது பாரு, அதை அழுத்து.”

அவள் சொல்லச் சொல்ல அதை அழித்தேன். வார்டன் வந்ததும் அந்த ஆட்கள் நழுவிவிட்டார்கள். அவளை வேறு அறைக்கு மாற்றினார்கள். ஆனாலும் இன்றுவரை அவள் தனியாக வகுப்புக்குப் போவதில்லை.

அந்தச் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன். படிக்க முடியாத எதையும் இப்போது அழுத்துவதில்லை. கதவைப் பூட்டினாளா என்று கேட்காமல் போனை வைப்பதும் இல்லை.