மழையைக் கூப்பிட்ட பாட்டு

இந்தக் கோடையில் நான் கேட்டது, படித்தது, பார்த்தது எல்லாமே மழை. வெளியே மரக்காணம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, ஷீட் போட்ட அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மழையில் ஊறிக் கிடந்தேன். ஒரு கல்யாணக் கச்சேரியில் நான் கீபோர்டு வாசித்ததைக் கேட்ட சென்னை இயக்குநர் ஒருவர், "ஒரு மழைப் பாட்டு போட்டு நீங்களே பாடி அனுப்புங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அது தேறிவிட்டால், கூனிமேட்டிலும் கிளியனூரிலும் அடுத்தவர் பாட்டை வாசித்தே கிழடாகிப் போகும் தலையெழுத்து மாறிவிடும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

கேட்ட பாட்டிலெல்லாம் மழையை வா வா என்று கெஞ்சினார்கள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த கவிதைப் புத்தகத்தில் முக்கால்வாசிப் பக்கம் மழைக்கு வரவேற்புரைதான். ஃபோனில் பார்த்த படங்களில் நாயகிகள் நனைந்துகொண்டே ஆடினார்கள். ஒருத்திக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. எரிச்சலாக வந்தது. ஆனால் என் மெட்டும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது: "வா மழையே, வாசல் வரை வா". வேறு வார்த்தை வைத்தால் மெட்டு நொண்டியடித்தது.

வாய்விட்டுப் பாடிப் பார்த்த நேரம், என் மனைவி உப்பளத்திலிருந்து வந்து நின்றாள். நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் பாத்திகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். உப்பு நன்றாக விளைந்து, வாரிக் கரையேற்ற வேண்டிய சமயம். ஒரு மழை பெய்தால் போதும், அத்தனையும் கரைந்துவிடும். அதனால் இந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் யாரும் விளையாட்டுக்குக்கூட மழையை வா என்று சொல்லமாட்டார்கள்.

"இன்னாங்க, வாய்ல வேற வார்த்தையே வரலியா?" என்றாள்.

"பாட்டுதானே?"

"பாட்டுன்னா அதுக்குக் காது கேக்காதா?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பாடிப் பதிவு செய்தேன். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சொந்த வீட்டிலேயே திருட்டுத்தனமாகப் பாட வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று அதைவிட ஆத்திரம். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் அளத்துக்கு ஓடினோம். கரையில் வாரி வைத்திருந்த குவியல்மேல் தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதையாவது காப்பாற்றினோம். பாத்திகளில் விளைந்து கிடந்த உப்பு கண்ணெதிரே கரைந்து தண்ணீரானது.

தார்ப்பாயின் ஓரத்தை அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. இயக்குநரின் குரல் பதிவு. ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்.

"மெட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். ஆனா 'வா'ங்கிற எடத்துல பயந்து பயந்து கூப்பிடுறீங்க. இன்னும் ஆசையா கூப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிட்டா நீங்கதான் பாடுறீங்க."

அவளும் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போய்ப் பாடுங்க," என்றாள். "இனிமே கரையறதுக்கு இன்னா இருக்குது?"

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை ஜன்னலைச் சாத்தவில்லை. ஷீட்டின்மேல் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. மெட்டு 'வா' என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். சாயங்காலமும் ஆகிவிட்டது.