ஐஸ் கம்பனியின் நாலாவது பங்குதாரர்

வரிப் படிவம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்குத் தீபாவளியும் இல்லை, நத்தாரும் இல்லை. படிவம் கொடுக்கிற கடைசி நாள் ஒன்றுதான் பெருநாள். அன்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வேலை செய்யாதவர் உங்களில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்! எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த முதல் பெருநாளே என்னை ஓட ஓட விரட்டியது.

காணாத ஆள்

குருநகரில் மூன்று மீன்பிடிக் குடும்பத்தார் சேர்ந்து ஓர் ஐஸ் ஆலை நடத்தினார்கள். அதைக் கம்பனியாகப் பதிந்து அதுதான் முதல் வருடம். சட்டத்துக்குக் கம்பனி ஒரு தனி ஆள், இனி அது தன் லாபத்துக்குத் தானே வரி கட்டவேண்டும் என்று தலைவர் மரியதாஸ் அண்ணைக்கு விளக்கினேன். படித்ததை ஒப்புவிக்கும் உற்சாகம் எனக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆள் எண்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரவேணும், பிள்ளை. உவரை நான் ஒருநாளும் காணேல்லை."

மூன்று பேர், நாலு பங்கு

கடைசி நாள், காலை பத்து மணி. கையெழுத்தாகி வந்த படிவத்தைச் சரிபார்த்தால், பங்குதாரர் பட்டியலில் நாலு பெயர்! பட்டியலை அவர்களே நிரப்பட்டும் என்று விட்டது என் பிழை. மரியதாஸ், தம்பி, மைத்துனர், நாலாவதாக, "மாதா, கோயிலடி, குருநகர்." லாபத்தில் காற்பங்கும் அங்கே போயிருந்தது. பிடிபடும் மீனில் மாதாவுக்கு ஒரு பங்கு வைப்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். அதை அப்படியே ஐஸுக்கும் வைத்துவிட்டார்கள்.

கம்பனிப் பதிவிலோ மூன்றே பேர். இப்படிக் கொடுத்தால் படிவம் திரும்பி வரும். பிறகு, வரிக் கணக்குச் சரி என்று வரிக் கந்தோர் தரும் கடிதம் கிடைக்காது. கடிதம் இல்லாமல் புது ஐஸ் இயந்திரத்துக்கு வங்கி கடன் தராது. பழைய இயந்திரம் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கணக்காளர் ஐயாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாதாவிட்டைக் கையெழுத்து வாங்க ஏலாது, பிள்ளை. புதுசா எழுதிக்கொண்டு மரியதாசிட்டை ஓடு!"

கரையில்

சைக்கிளில் பறந்தேன். வழியில் இரண்டு தரம் செயின் கழன்றது. போனால், அண்ணை கடலில்! ஒரு மணிவரை கரையில் தவித்து நின்றேன். அவருடைய வள்ளம் தெரிந்ததும் வெட்கத்தை விட்டுக் கத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. "மாதாவின்ரை பங்கை வெட்டிப்போட்டு நாளைக்கு என்னண்டு நான் கடலுக்குப் போறது?" பேனையைத் தொடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வெட்டவேண்டாம், அண்ணை," என்றேன். "குடுத்தது குடுத்ததுதான். நன்கொடை எண்டு எழுதுவம். ஆனால் அதை லாபத்திலை கழிக்க வரிக் கந்தோர்காரர் விடமாட்டினம். அந்தக் காசுக்கும் கம்பனிதான் வரி கட்டவேணும்."

அவர் முகம் மலர்ந்தது.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே! பின்னை, மாதாவோ வரி கட்டுறது? கொண்டா பேனையை!"

மூன்றரை மணி

வரிக் கந்தோர் அதிகாரி நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். படிவத்தில் ஒரு மீன் செதிள் ஒட்டியிருந்தது. நன்கொடை என்ற வரியில் அவர் விரல் நின்றதும், கேட்காமலே முழுக்கதையையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது.

"போன கிழமை ஒரு எண்ணெய் மில்காரர் பிள்ளையாரைக் கம்பனிப் பணிப்பாளராப் போட்டுக்கொண்டு வந்தவர், தங்கச்சி. உங்கடை பரவாயில்லை."

கடனும் கிடைத்து இயந்திரமும் வந்தது. ஆனால் கழிக்க முடியாத செலவுக்கும் சேர்த்து வரி கட்டிவிட்டு வாய்நிறையச் சிரித்த இன்னொருவரை இத்தனை வருடத் தொழிலில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.