முப்பத்தேழாவது சிலிண்டர்

ஜூஜுவாடி பக்கம் பிரேக் சிலிண்டர் செய்யும் கம்பெனியில் நான் ஃபைனல் இன்ஸ்பெக்டர். வீட்டில் கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்க்கிறவன்; வேலையில் எதையும் இரண்டு முறை எண்ணுவேன். ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தபோது நடந்தது இது.

1. தின்னர்

சிலிண்டரின் துளைக்குள் நோ-கோ கேஜ் என்ற அளவுக்கம்பி நுழையக் கூடாது. நுழைந்தால் துளை பெரிது, பிரேக் ஆயில் கசியும். அப்படிப்பட்ட பீஸில் சிவப்புப் பெயிண்ட் வைத்து சிவப்புத் தொட்டியில் போடுவோம். அந்த வியாழக்கிழமை தொட்டியில் முப்பத்தேழு இருந்தது. அனுப்ப வேண்டிய நானூற்று எண்பதுக்குச் சரியாக முப்பத்தேழு குறைவு. லாரி கேட்டில் நின்றது.

மேனேஜர் போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். "சார், கஸ்டமர் லைன் நின்னா என்னையத்தான் மொதல்ல தூக்குவாங்க. அந்தப் பெயிண்டைத் தொடச்சிட்டு டேக் போடுங்க."

"கசியும் சார். மனசாட்சி ஒப்பல."

"லைன் நின்னா உங்க ஏசு வந்து ஓட்டுவாரா?" என்று சொல்லிவிட்டு அவரே தலைகுனிந்தார். கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். நானும்தான்.

வேஸ்ட் துணியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரை நனைத்து முப்பத்தேழையும் துடைத்தேன். தேறியது என்று காட்டும் பச்சை டேக்கில் என் முத்திரையைக் குத்தினேன். மெஷின் ஆபரேட்டர் முனியப்பா, பேரிகைக்காரர், பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டிகளை லாரிக்குத் தள்ளிக்கொண்டு போனவரும் அவர்தான்.

2. பெஞ்ச்

அந்த வாரம் திருவிருந்து ஞாயிறு. அப்பம் வாங்கக் கையை நீட்ட வேண்டும். நகத்தடியில் சிவப்பு இன்னும் போகவில்லை. எழுந்து போகாமல் ஆறாவது பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, உடம்புக்கு முடியலயா?" என்றாள் மனைவி.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு நாளா மன்னிப்பு கேட்டுட்டே இருக்கேன் ஐயா. எத்தனை தடவைன்னு எண்ணிக்கூட வச்சிருக்கேன்."

"நீங்க கேட்ட மொத தடவையே ஆண்டவர் மன்னிச்சிட்டார். எண்ணாதீங்க," என்றார். பிறகு மெதுவாக, "அந்தப் பீஸ் இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"அத்திப்பள்ளியில, கஸ்டமர் ஸ்டோர்ல."

"அப்ப இன்னும் வண்டியில ஏறல. போய் எடுத்துட்டு வாங்க. வேலை போனா போகட்டும்னு நான் சுலபமா சொல்லிடலாம். போறது நீங்க. அதனால நான் ஜெபம் பண்ணிட்டே இருப்பேன்."

3. அத்திப்பள்ளி

திங்கள் காலை மேனேஜரிடம் சொல்லிவிட்டே கஸ்டமருக்குப் போன் செய்தேன். மேனேஜர் என் கையிலிருந்து முத்திரையை வாங்கிக்கொண்டார். "இன்னையோட உங்களுக்கு ஸ்டோர் டூட்டி," என்றார்.

அன்றே அத்திப்பள்ளிக்குப் போனேன்; நாங்கள் அனுப்பிய லாட்டை இன்னும் பிரிக்கவே இல்லை. நானூற்று எண்பதிலும் நானே நோ-கோ விட்டுப் பார்த்தேன். நுழைந்தவை முப்பத்தாறு. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். முப்பத்தாறுதான். மொத்த எண்ணிக்கை சரி; ஒன்று மட்டும் எங்கோ மாறிப் போயிருக்கிறது. அது எந்த வண்டியில் போய், எந்த இறக்கத்தில் கசியும்? முப்பத்தாறையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினேன்.

முனியப்பாவிடம் சொன்னேன். அவர் தன் டூல் பாக்ஸைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு சிலிண்டரை எடுத்து நீட்டினார்.

"நீங்க தொடச்சதுல ஒண்ணு சார். லாரி ஏத்துறப்ப எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா ஓடுற பேட்ச்ல இருந்து கேஜ் போட்டுத் தேறின பீஸ் ஒண்ணு வச்சேன். எண்ணிக்கை சரியா இருக்கணும்ல, உங்க லாட்டு!"

"எதுக்குப்பா எடுத்தே?"

"நீங்க ஒரு நாள் தேடி வருவீங்கன்னு தெரியும். கேக்குறப்ப ஆதாரமா காட்ட ஒண்ணாச்சும் வேணாமா?"

நோ-கோ உள்ளே நுழைந்தது. நானே பெயிண்ட் எடுத்து அதில் சிவப்பு வைத்தேன். பொட்டு கோணலாகத்தான் விழுந்தது.

மீதி மாதங்கள் ஸ்டோரில் கையுறையும் வேஸ்ட் துணியும் கொடுத்தே ஓய்வு பெற்றேன். முத்திரை திரும்பி வரவில்லை. ஆனால் அடுத்த திருவிருந்தில் எழுந்து போனேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, முத்திரை குத்தும் முன் யோசியுங்கள். குத்திவிட்டால், பொருள் வண்டியில் ஏறும் முன் ஓடுங்கள். மன்னிப்பு முதல் நாளே கிடைத்துவிட்டது என்று போதகர் சொன்னார். முப்பத்தேழும் கைக்கு வந்த பிறகுதான் என்னால் கையை நீட்ட முடிந்தது. அப்பம் வாங்கும்போது எதையும் எண்ணவில்லை.