இரண்டு விரல் இடம்

தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகும் பஸ்ஸில் அந்த அக்காவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஐம்பது வயசிருக்கும். புடவைக்கு மேல் ஹவுஸ்கீப்பிங் கோட்டு. மடியில் வைத்திருந்த நோட்டில் பென்சிலால் பைத்தான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே தள்ளி எழுதவேண்டிய வரிகளுக்கு இரண்டு விரலை வைத்து இடம் அளந்தார்.

“கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலையாக்கா?”

“எங்க சார் கீது? போன்ல வீடியோ பாத்து எழுதுறேன். எம்பொண்ணு வெளிநாட்டுல பாக்குறது இந்த வேலதான். இன்னாதான் பண்றான்னு தெரிஞ்சுக்கலாமேன்னு.”

எட்டிப் பார்த்தேன். முதல் வரியில், போன் வரவில்லை என்று வைத்திருந்தார். அதற்குக் கீழே, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்: போன் வராத வரைக்கும் காத்திரு.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

“போன் வந்துடுச்சுன்னு உள்ள எங்கயுமே மாத்தலையேக்கா. இப்படி விட்டா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும்.”

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்த நான் எப்டி சார் மாத்துறது? அவதான மாத்தணும்.”

இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறேன். யார் மடியிலாவது நோட்டு தெரிந்தால் எட்டிப் பார்க்கிறேன். அந்த அக்காவின் பெண் போன் பண்ணிவிட்டாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.