பின்னணிச் சத்தம்

என் அண்ணி பல்கலைக்கழகத்தில் நிலவியல் நடத்துகிறவள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, 'கல்லு டீச்சர்' என்றால்தான் புரியும். அவள் கைப்பையில் டிபன் பாக்ஸைவிடக் கல்தான் அதிகம் இருக்கும். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு கல்லை வைத்து, "முதல்ல கனம் பாரு, பேரெல்லாம் அப்புறம் கேளு" என்பாள். அவளிடம் படித்தவர்கள் கடைத்தெருவில் பார்த்தால் ஓடிவந்து, எந்த வீட்டு வாசலிலோ கொட்டிக் கிடக்கிற ஜல்லியைக் காட்டி இது என்ன கல் மேடம் என்று கேட்பார்கள்.

இத்தனைக்கும் அவளுக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரோடு சரி. ஒவ்வொரு விடுமுறைக்கும் வேலை போய்விடும், திறக்கிறபோது கூப்பிட்டால் உண்டு. ஆசிரியர் அறையில் அவளுக்கென்று நாற்காலி இல்லை, யாராவது லீவு போட்டால் அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காருவாள். இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். அதே பல்கலைக்கழகத்தில் என் அண்ணன் பேராசிரியர். அவன் அறைக்கு வெளியே பெயர்ப்பலகை உண்டு.

நான் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டு ஹாலில் தையல் மிஷினைப் போட்டுப் பிழைக்கிறவள். நாத்தனார் என்றால் அண்ணிக்கு எதிர்க்கட்சி என்பது உலக வழக்கு. நான் கட்சி மாறி ரொம்ப நாளாகிறது. அதனால் இதில் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

நோய் வந்து ஊரையே அடைத்துப்போட்ட பிறகு, இனி பாடமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. சாக்பீஸைத் தவிர எதையும் தொட்டறியாத பேராசிரியர்களை அதற்குத் தயார்படுத்த வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அண்ணனைத் தலைவனாகப் போட்டார்கள். வீட்டில் இருக்கிற இரண்டு அறையில் ஒன்றுக்கு இணையம் எட்டாது. எட்டுகிற அறையை அவன் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர். பேராசிரியர் தயார்.

சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறை. அதுதான் அண்ணியின் வகுப்பறை. கம்ப்யூட்டருக்குக் காது மந்தம் என்று அண்ணனுக்கு நினைப்போ என்னவோ, கத்தித்தான் பேசுவான். அவன் பயிற்சியை நானே மனப்பாடம் செய்துவிட்டேன். "நண்பர்களே, அமைதியான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கதவைச் சாத்துங்கள். வீட்டில் இருப்பவர்களை முன்கூட்டியே பழக்குங்கள்." நாங்கள்தான் அந்த வீட்டில் இருப்பவர்கள். நன்றாகவே பழகியிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நிலவியல் துறையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. ஒரே ஒரு இடம். பயிற்சி முடித்த கௌரவ விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு மாதிரி வகுப்பை நிஜ மாணவர்களுக்கு இணையத்திலேயே நடத்த வேண்டும், அதன் பதிவை அண்ணன் தலைமையில் ஒரு குழு பார்த்து மதிப்பெண் போடும், முதலில் வருகிறவருக்கு வேலை. அண்ணிக்கு அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் சாகும்வரை யாரோ லீவு போட்ட நாற்காலிதான்.

கையில் கல்லைக் கொடுக்காமல் கல் பாடம் எப்படி நடத்துவது என்று அவள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒருநாள் குழம்புக்கு உப்புப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் கல்லுப்பு.

"இது எல்லார் வீட்டுலயும் இருக்குமில்ல? ஆளுக்கொரு கல்லு அவங்க கையிலயே இருக்கும். நான் கொடுக்கவே வேண்டாம்."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

குழு அவளுக்கு ஒதுக்கிய நேரம், அண்ணனின் பயிற்சி நேரமாகவே அமைந்தது. முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"நாளைக்கு மட்டும் அந்த ரூமைத் தரீங்களா? ஒரு மணி நேரம்தான்."

"அறுபது பேராசிரியருங்க எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க. உனக்குப் பத்துப் பன்னெண்டு பசங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

"நீங்க ஹால்ல உட்காரலாமே?"

"ஹால்ல இவ மிஷின் கிடக்கு. பின்னாடி துணி மூட்டை தெரியும். பயிற்சி குடுக்கறவனே அப்படி உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

அதற்கு மேல் அண்ணி கேட்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் சோற்றுக்கு வழியில்லாமல் வந்தவள் பேசுகிறாள் என்று ஆகிவிடும் என்று மென்று முழுங்கினேன்.

மறுநாள் அவள் ஃப்ரிட்ஜை அணைத்தாள், உறுமுகிறது என்று. ஃபேனை நிறுத்தினாள். சொட்டுகிற குழாய்க்கு அடியில் துணியைப் போட்டாள். அலமாரியை மறைத்து வெளுத்த போர்வை ஒன்றைக் கட்டினாள். பாடம் நடத்தும் போனைச் சாய்த்து நிறுத்தக் குக்கரைக் கவிழ்த்து வைத்தாள். நான் மிஷினை மூடிவிட்டு, அவள் மகளை, அந்த ஐந்து வயது வாண்டை, மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். இறங்கி வந்தபோது அண்ணி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எப்படி அண்ணி நடந்தது என்றேன். "பசங்க நல்லாப் பண்ணாங்க" என்றாள். ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்து அன்றைக்குப் பால் கெட்டுப்போனது.

முடிவு வந்த அன்று அண்ணன் அறையை விட்டு வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தான். முகம் சரியில்லை.

"உனக்கு ரெண்டாவது இடம். அரை மார்க்குல போச்சு."

அண்ணி தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, வைத்து முடித்தாள்.

"பாடம் பிரமாதம்னுதான் எழுதியிருக்காங்க. ஆனா பின்னணியில தொடர்ந்து சத்தம், நடுவுல ஆசிரியர் எழுந்து போயிட்டார், வீட்டுல பாடம் நடத்தற சூழல் இல்லைன்னு குறை போட்டுட்டாங்க. முதல் நாள்லேர்ந்து நான் இதைத்தானே தலையால அடிச்சுக்கறேன்? ஊர் முழுக்கக் கத்துக்குது, என் வீட்டுல கத்துக்க ஆளில்ல." என் பக்கம் திரும்பினான். "உன் மிஷின் சத்தம்தானே?"

"நான் மாடியில இருந்தேன். மிஷின் மூடியிருந்துச்சு" என்றேன்.

"குழுவுக்கு நீங்கதானே தலைவர்? நீங்க கேட்கலையா அந்தப் பதிவை?" என்றாள் அண்ணி.

"பொண்டாட்டி பதிவை நானே பார்த்து மார்க் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? உன்னோடதை மட்டும் நான் தொடவே இல்ல." பெருமையாகத்தான் சொன்னான்.

அண்ணி போனை எடுத்து மேசை நடுவில் வைத்து ஓடவிட்டாள். அவள் குரல்தான் முதலில் வந்தது. உப்பை உள்ளங்கையில வைங்க, ஓரத்தைத் தடவிப் பாருங்க, கண்ணை மூடிக்கலாம். அதற்குப் பின்னாலேயே, அதைவிடக் கணீரென்று, "நண்பர்களே, முதல் தேவை அமைதி."

"அப்பா" என்றாள் வாண்டு, சாப்பிட்டுக்கொண்டே.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் குரலும் அப்படித்தான் போலிருக்கிறது. பிறகு அண்ணனுக்கு ஒரு வழி கிடைத்தது.

"நீ கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அண்ணி பதிவைக் கொஞ்சம் முன்னால் ஓட்டினாள். "ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று அவள் குரல். நாற்காலி நகர்கிறது. தட்டுகிற சத்தம், முதலில் மெதுவாக, பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக. கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்து அண்ணன் குரல் மட்டும் வந்தது.

"பார்த்தீர்களா நண்பர்களே, இதைத்தான் சொன்னேன். வீட்டில் இருப்பவர்களை முதலிலேயே பழக்கிவிட வேண்டும்." அப்புறம் ஒரு சிரிப்பு.

நாற்காலி மறுபடி நகர்ந்தது. "சரி, எங்க விட்டோம்?" என்றாள் பதிவில் இருந்த அண்ணி.

"குழுவுக்கு எழுதுங்க" என்றாள் மேசையில் இருந்த அண்ணி. "சத்தம் என்னோடதுன்னு எழுதுங்க. அது போதும்."

அவன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எழுதத்தான் போகிறான் என்று பைத்தியக்காரி நான் நம்பினேன். காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான், "யோசிச்சுப் பார்த்தேன். புருஷனே பொண்டாட்டிக்காக எழுதினா முறையா இருக்காது." வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழி தானாக உடையவில்லை. உடைத்தவன் காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலை வேறொருவருக்குப் போனது. அண்ணன் பயிற்சிக்காக ஒரு கையேடு எழுதினான். 'கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்களாக உள்ள வீடுகளில் அறையையும் நேரத்தையும் பகிர்ந்துகொள்ளவும்' என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தான். அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்று துணைவேந்தரே அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டினாராம். பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக்கு வந்தது. வந்த கையோடு, நாற்காலிக்குப் பின்னால் கேமராவில் தெரிகிற இடமாகப் பார்த்து, அவனே சுத்தியலும் கையுமாக நின்றான்.

அண்ணி சமையலறையில் வகுப்பில் இருந்தாள். கௌரவ விரிவுரைதான், பழையபடி. சுவர் அதிர்ந்தது, அலமாரியில் தம்ளர்கள் குலுங்கின. போனிலிருந்து ஒரு பையன், "மேடம், அங்க என்ன சத்தம்?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் அண்ணி. "பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க. நீங்க பாடத்தைக் கவனிங்க."