சேட்டுக் கைக்குள் அடங்கிய மணிக்கூடு

கையில் மணிக்கூடு இருப்பது கட்டியவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. எண்பதுகளில் எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சவூதியிலிருந்து வந்தவர்கள் தேநீர்க் கோப்பையை வைக்கும் பீரிசு அளவில் மணிக்கூடு கட்டிக்கொண்டு, அது தெரியவேண்டும் என்பதற்காகவே சேட்டுக் கையை மடித்துவிட்டுத் திரிந்த காலம் அது. நேரம் கேட்டால் கையை ஒரு உதறு உதறி, திகதியையும் கிழமையையும் சேர்த்துச் சொல்வார்கள். நான் கேட்டது நேரம் மட்டும்தான்.

என்னிடம் இருந்தது அப்பாவின் மணிக்கூடு. ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடச் சற்றுப் பெரிது. தங்க உடல், வெள்ளை முகம், இரண்டே முட்கள், மெல்லிய தோல் பட்டி. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். அதன்மேல் சேட்டுக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினால் எங்கும் தடுக்காது.

சின்னதாக இருந்தபடியால்தான் அது எங்களுக்கு மிஞ்சியது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் அப்பா வேலை செய்த கடையை எரித்து, அவரிடம் இருந்ததையெல்லாம் பறித்தவர்களின் கண்ணில் அது படவில்லை. அதோடுதான் அகதிக் கப்பலில் ஊர் வந்து இறங்கினார். சாவதற்குச் சில நாள் முன்பு அதை என் கையில் கட்டி, “உன்ர மெல்லிய கைக்குத்தான் இது வடிவு” என்றார். வீடும் காணியும் வழமைபோலத் தங்கச்சிக்குச் சீதனம். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அப்பாவிடமிருந்து எனக்கென்று வந்தது இது ஒன்றுதான்.

தங்கச்சிக்குக் காரைநகரில் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நகை பார்க்க வந்த அன்று, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைக்குப் பவுண் மணிக்கூடும் எடுத்து வைச்சிருக்கிறியள்,” என்றார்.

பீரிசு மணிக்கூடுகளைப் பார்த்துப் பழகிய கண்கள். இவ்வளவு சின்னதை ஓர் ஆண் கட்டுவான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். இது மகனுடையது என்று சொல்லிவிடுவார் என்று காத்து நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

“ஓம், அதுவும் அவளுக்குத்தான்,” என்றார்.

அவர்கள் போனபின் அம்மாவிடம் கேட்டேன்.

“வந்த சனத்துக்கு முன்னால என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? கலியாணம் முடியட்டும், அவளிட்டைத் திருப்பி வாங்கித் தாறன். ஒரு சின்ன மணிக்கூட்டை ஆர் தேடப்போகினம்?”

நம்பினேன். பெற்ற தாய் சொன்னதை நம்பாமல் வேறென்ன செய்வது?

கலியாணத்தன்று அது தங்கச்சியின் கையில் இருந்தது. தோல் பட்டியைக் கழற்றிவிட்டுப் பொன் சங்கிலி பூட்டியிருந்தார்கள். பிறகு கேட்டபோதெல்லாம், ஆடி போகட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று அம்மா தள்ளிக்கொண்டே போனார். நான் கடையில் கிடைத்த பெரிய ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு சுருவில் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்வந்தேன். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் அது முழங்கைக்கு ஓடிவிடும். அந்த ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்க, தீவுக்குப் பற்றறி வருவது நின்றது. சவூதி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த நாட்களில் ஒருநாள் தங்கச்சியின் புருசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் வாங்கக் கையை நீட்டியபோது அவருடைய கையில் அப்பாவின் மணிக்கூட்டைக் கண்டேன். புதுத் தோல் பட்டி போட்டிருந்தார். அவருக்கும் அது வடிவாகவே இருந்தது.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். “ஊரே இப்ப என்னட்டைத்தான் நேரம் கேக்குது, மச்சான். பெரியம்மா இப்பவும் இது பொம்பிளையளின்ர எண்டுதான் நினைக்கிறா. கலியாண எழுத்தண்டே மாமி எனக்குச் சொன்னவ, இது மாமா கட்டினது, இனி நீங்கள் கட்டுங்கோ எண்டு.”

எழுத்து, அதாவது பதிவு, நடந்தது கலியாணத்துக்கு முன்பு. அப்படியென்றால் எனக்குச் சொன்ன தவணைகள் எல்லாம் பொய். என்னைப் பெற்றவரே என்னை ஏமாற்றியிருக்கிறார். மச்சான் போகும்வரை பொறுத்திருந்து குசினிக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அவருக்குக் குடுத்தது சரி. எனக்கு ஏன் தாறன் தாறன் எண்டு சொன்னனீங்கள்?”

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை.

“வேற ஆரிட்டை எடுக்கிறது, தம்பி? நீதானே சண்டை பிடிக்காத பிள்ளை,” என்றார்.