கப்பலடி முடிச்சு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். முல்லைத்தீவில் நாங்கள் பார்த்த சாவுகளுக்கு, ஆவி உண்மையென்றால் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. சிரிப்பதென்றால் சிரியுங்கள், ஆனால் இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் கடலில் கப்பலடி என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கி அடித்துத் தாழ்த்திய சரக்குக் கப்பல் அங்கே கிடக்கிறது. அதன் பெயர் யாருக்கும் தெரியாது, மீன் மட்டும் நல்லாய்ப் படும். அங்கே நங்கூரம் மாட்டினால் இறங்கி எடுக்கக் கூடாது, கயிற்றை வெட்டிவிட்டு, செத்த மாலுமிகளுக்காக 'எங்கள் பிதாவே' என்று ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

போன வருடம் எனக்கு மாட்டியது. கூட வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, கத்தியை எடுத்துவிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் யுத்தத்தில் காணாமல் போன என் தம்பிக்கே மாதா கோயிலில் இன்னும் ஓர் இறந்தோர் பூசை வைக்கவில்லை, வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று அம்மா ஒத்துக்கொண்டதாகிவிடும், இதில் எந்த நாட்டுக்காரனுக்கோ நான் மந்திரம் சொல்வதா? முன்பு கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடிய தைரியத்தில் மூச்சைப் பிடித்துக் குதித்துவிட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நங்கூரம் மாட்டியிருக்கவில்லை. கயிறு கப்பலின் இரும்பில் கட்டப்பட்டிருந்தது. எங்கள் கரையில் யாரும் போடாத முடிச்சு, இழுக்க இழுக்க இறுகியது. மேலே போயிருக்கலாம், வீம்பு விடவில்லை. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது, மனதுக்குள் கத்தினேன்: "உங்கட சண்டையில நீங்கள் செத்தீங்கள், எங்கட சண்டையில என்ர தம்பி போனான். அவன் ஆரையும் கட்டி வைக்கேல்லை. விடுங்கோடா."

முடிச்சு என் விரலுக்குள் தானாகத் தளர்ந்தது.

மேலே வந்ததும் மச்சான் அழுதுவிட்டான். "அத்தான், பாதரிட்டச் சொல்லி அவங்களுக்கு ஒரு பூசை வைப்பம்."

"ஒருத்தருக்கும் வைக்கேலாது. நாளைக்கும் இஞ்சதான் வருவன்."

போனேன், இன்றும் போகிறேன், பயமில்லை. ஆனால் அன்று கரையில் படகைக் கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால், என் கை அந்த முடிச்சைப் போட்டிருக்கிறது. ஒருவரும் பழக்கவில்லை. கவனிக்காமல் கட்டினால் இப்போதும் அதுதான் வருகிறது.

ஒருநாள் வீட்டில் விறகைக் கட்டிவைத்திருந்தேன். அம்மா கயிற்றைத் தடவிப் பார்த்தா. "கடைசியா இடம்பெயரேக்க உன்ர தம்பி மூட்டையை இப்பிடித்தான் கட்டினவன். நீ அப்ப எங்களோட இல்லையே."

முடிச்சை அவிழ்க்காமலே விறகை ஒவ்வொன்றாய் உருவி அடுப்படிக்குக் கொண்டுபோனா. பூசை இன்னும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.